விழுந்த குதிரையின் பெயர்

அன்று காலையில் கேட்ட எல்லா நிறத்துக்கும் கோவிந்தப்பா சரியாகத்தான் பதில் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. இதைச் சந்திரம்மா பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை.

ரேஸ் நாள் காலையில் அந்த வீட்டில் அது வழக்கம். பெங்களூர் மர்பி டவுனில் இரண்டு அறை வீடு. முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின். ஜாக்கிகள் போட்டுக்கொள்ளும் வழுவழுப்பான சட்டைகளையும் தொப்பி உறைகளையும் சந்திரம்மா தைத்துக் கொடுப்பாள். குதிரை முதலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், ஒரு கோலம். மிஞ்சிய துண்டுகளைப் பையில் போட்டு மெஷினுக்கு அடியில் வைத்திருப்பாள். கோவிந்தப்பா ரேஸ் கோர்ஸில் கமெண்ட்டரி சொல்கிறவர். தட்டோடு அவர் உட்கார்ந்ததும் அவள் பைக்குள் கையை விடுவாள். எடுத்துக் காட்டும் துண்டின் நிறத்தில் அன்று ஓடும் குதிரை எது என்று அவர் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சட்னி.

"இது?"

"பச்சை, கறுப்புக் கோடு. லக்கி மேனர். ரெண்டாவது ரேஸு."

"இது?"

"ஊதா இன்னிக்கி ஓடல. ஏமாத்தப் பாக்காத."

"இது?"

நீலத்தில் வெள்ளைக் கட்டம். கோவிந்தப்பா இட்லியைப் பிட்டுக்கொண்டே, "கடைசி ரேஸு," என்றார்.

"இதுல ரெண்டு ஓடுதே. இன்னா பண்ணுவ?"

"தொப்பி."

ஒரே முதலாளியின் இரண்டு குதிரைகள் ஒரே ரேஸில் ஓடினால் இரண்டு ஜாக்கிக்கும் ஒரே சட்டைதான். தொப்பி மட்டும் மாறும். சந்திரம்மா இரண்டு கையிலும் இரண்டு துண்டுகளைத் தூக்கிக் காட்டினாள்.

"வெள்ளை?"

"அல்சூர் மூன்."

"மேல யாரு?"

"யாரு ஒக்காந்தா எனக்கின்னா? நான் குதிரை பேருதான் சொல்லுவேன்."

"அய்ய. மருமகப்புள்ள பேரைச் சொன்னா வாய் வெந்துடுமா? ஆரஞ்சு?"

"கப்பன் ரோஸ். நம்ம கேசவ்."

"இப்ப மட்டும் ஆளு பேரு வருது."

அவர் சிரித்துக்கொண்டு தட்டை நீட்டினார். அவள் சட்னி போட்டாள். அடுப்பில் ஆட்டுக்கால் பாயா கொதித்துக்கொண்டிருந்தது. அது சாயங்காலத்துக்கு. மருமகன் முகேஷ் ஜாக்கி. எடை கூடாமலிருக்க ரேஸ் நாளில் ஒரு வெள்ளரிக்காயும் அரை டம்ளர் டீயும்தான் அவனுக்கு. ரேஸ் முடிந்ததும் நேராக மாமியார் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் மனசு வராது.

கோவிந்தப்பாவின் அப்பா லாயத்தில் குதிரை தேய்த்தவர். கோவிந்தப்பா கண்டோன்மெண்ட் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்து, லாயத்துச் சுவர்மேல் உட்கார்ந்து, காலையில் பழகும் குதிரைகளைப் பார்த்து விளையாட்டாகக் கத்திக் கத்தி அந்த வேலைக்கு வந்தவர். இத்தனை வருஷத்தில் ஒரு டிக்கெட் வாங்கியதில்லை. காசு வைத்தவன் கண் அந்த ஒரு குதிரையைத்தான் தேடும் என்பார். தேடுகிற கண்ணுக்கு மற்றது தெரியாது. கமெண்ட்டரி சொல்கிறவனுக்கு எல்லாம் தெரிய வேண்டும்.

மகள் ராதா, முகேஷைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்னபோது அவர் சாதி கேட்கவில்லை, சம்பளம் கேட்கவில்லை. சந்திரம்மாவிடம் மட்டும், "இனிமே எனக்கும் ஒரு குதிரை ஓடுது," என்றார். அவள் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பெங்களூரின் ஜூலை மழை. ஓங்கி அடிக்காது, விடவும் விடாது.

கமெண்ட்டரி பாக்ஸ் ஸ்டாண்டின் உச்சியில் இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு கண்ணாடி ஜன்னல். மழை நாளில் அவர் ஜன்னலைத் திறந்துவிடுவார். நனைந்தாலும் பரவாயில்லை, கண்ணுக்கும் குதிரைக்கும் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. தொண்டைக்கு வெந்நீர். பைனாகுலருக்கு வேட்டித் துணி.

அந்த வேலைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. முதலில் குரலைச் செலவழிக்கக் கூடாது. கடைசி வளைவு திரும்பும்வரை அடக்கி வைத்திருக்க வேண்டும். முன்னால் போகும் குதிரையை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. பின்னால் வருவதன்மீதும் யாரோ ஒருவன் சாப்பாட்டுக் காசை வைத்திருக்கிறான். கோட்டில் இரண்டு ஒட்டி வந்தால் எது ஜெயித்தது என்று சொல்லக் கூடாது. போட்டோ பார்த்துத்தான் தெரியும் என்று சொல்லி வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒரு குதிரை விழுந்தால் அதன் பெயரை ஒரே ஒருமுறை சொல்லலாம். அதற்குமேல் அந்தப் பெயர் வரக் கூடாது. ஜாக்கி பெயர் வரவே கூடாது, வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். விழுந்ததை விட்டுவிட்டு ஓடுகிற குதிரைகளோடு போய்விட வேண்டும்.

இதெல்லாம் அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான்.

கடைசி ரேஸில் குதிரைகள் எதிர்ப்பக்கம் போகும்போது மரங்களுக்கு மேலே ஒரே புகை மாதிரி மழை. பின்னால் வந்தவர்கள் சட்டையெல்லாம் சேறு. நீலக் கட்டம் இரண்டும் பக்கம் பக்கமாக வேலியோரம் வந்தன. மூன் உள்ளே. ரோஸ் வெளியே. கோவிந்தப்பா அதைச் சரியாகச் சொன்னார். வளைவில் முன்னால் போன குதிரை லேசாக உள்ளே சாய்ந்தது. நீலக் கட்டத்தில் ஒன்று முன்னங்கால் மடங்கிக் கீழே போனது.

கப்பன் ரோஸ் விழுந்துவிட்டது என்று அவர் இங்கிலீஷில் சொன்னார்.

சொல்லிவிட்டு, கட்டுப்பாட்டின்படி, ஓடுகிற குதிரைகளோடு போனார். அல்சூர் மூன் வெளியே வந்துவிட்டது என்றார். அல்சூர் மூன் மூன்றாவது. அல்சூர் மூன் இரண்டாவது. நேர்ப்பாதைக்கு வருவதற்கு முன்பே அவர் குரல் எழும்பிவிட்டது. அப்படி ஒரு குரலை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை என்று ஸ்டாண்டில் இருந்த பழைய ஆட்கள் பிறகு பேசிக்கொண்டார்கள். ஆள் காசு வைத்துவிட்டான் என்றும் ஒருத்தன் சொன்னான். அல்சூர் மூன், அல்சூர் மூன் என்று நாலைந்து தரம் சொல்லி, அதைக் கோட்டைத் தாண்ட வைத்துவிட்டுத்தான் அவர் மூச்சு விட்டார்.

ஜெயித்த குதிரை வேகம் குறைந்து திரும்பி வந்தது. ஜாக்கி கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். தொப்பியில் சேறு இல்லை. ஆரஞ்சு.

கோவிந்தப்பா வெந்நீர் டம்ளரை எடுக்கப் போன கையை அப்படியே வைத்திருந்தார். போர்டில் நம்பர் ஏறியது. ஸ்டாண்டில் ஒரு கணம் சத்தமில்லை. பிறகு பெரிய சத்தம். திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒரு செருப்பு வந்து மேஜைமேல் விழுந்தது.

"சார், கரெக்ஷன் கொடுங்க," என்று ரேஸ் கிளப் ஆள் கதவைத் திறந்து சொன்னான்.

அவர் மைக்கை மறுபடி ஆன் செய்தார். திருத்தம் என்றார். விழுந்தது அல்சூர் மூன் என்றார். அவர் குரல் அப்போது சாதாரணமாக இருந்தது. பிறகு பைனாகுலரை எதிர்ப்பக்க வளைவுக்குத் திருப்பினார். ஆம்புலன்ஸ் போய், பிழைக்காத குதிரையை மறைக்கும் பச்சைத் திரையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடி, திரை குதிரையைச் சுற்றி நிற்கும்வரை அதைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

முகேஷ் பிழைத்துக்கொண்டான். முதுகில் ஆபரேஷன் செய்தார்கள். கழுத்துக்குப் பட்டை போட்டார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வருமா என்று கேட்டதற்கு டாக்டர், "நோடோணா," என்றார். பார்க்கலாம். தினமும் அதையே சொன்னார்.

அவன் மேலே சுற்றும் ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். சந்திரம்மா கேரியரில் சோறும் கறிக்குழம்பும் கொண்டுபோய் ஸ்பூனால் ஊட்டினாள்.

"போதும்னா சொல்லு கண்ணு."

"போடுங்க அத்தை. இப்ப வெயிட் பாக்க ஆளில்ல."

சந்திரம்மா சிரிப்பதற்காக வாயைத் திறந்து, அப்படியே எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

ராதா அப்பாவோடு பேசவில்லை. கேரியரை வாங்கிக்கொள்வாள். மருந்துச் சீட்டைக் கொடுப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். அவர் வராந்தாவில் பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்திருப்பார். கேசவின் பெண்டாட்டி ரூபினி தினமும் பிளாஸ்க்கில் ராகிக் கஞ்சி கொண்டுவருவாள். ராதா வீட்டுக்கு எதிர்வீடு அவள். அவரைத் தாண்டிப் போகும்போது நின்று, "பெரியப்பா, சாப்டீங்களா?" என்று கேட்பாள். அவர் தலையை ஆட்டுவார். செருப்பு வந்து விழுந்ததுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சந்திரம்மா ஒன்றையே சொன்னாள். "வயசாச்சில்ல. கண்ணு ஆபரேஷன் பண்ணதுலருந்தே அவருக்கு மழையில மங்கலாத்தான் தெரியுது. வெள்ளையும் ஆரஞ்சும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்." அந்த இரண்டு தொப்பியையும் தைத்தவள் அவள். எவ்வளவு தூரத்தில் எது எப்படித் தெரியும் என்று தெரிந்தவள்.

கிளப்பிலிருந்தும் அதையே கேட்டார்கள். கண்ணைக் காட்டுங்கள், பிறகு பார்ப்போம் என்றார்கள். அல்சூரில் ஒரு கண் டாக்டரிடம் போனார்கள். சின்னப் பெண். சுவரில் எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். கடைசி வரிவரை படித்தார். நிறப்புள்ளிகளுக்குள் இருந்த எண்களைச் சொல்லச் சொன்னாள். சொன்னார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ஏனூ தொந்தரெ இல்லா சார். நன்னா இருக்கு உங்க கண்ணு," என்றாள்.

"நல்லாப் பாரும்மா," என்றாள் சந்திரம்மா. "மழை வந்தா மங்குது அவருக்கு."

"மழையில எல்லாருக்கும் மங்கும்மா. இவருக்கு நம்மளவிட நல்லாவே தெரியும்."

ஏரி ஓரமாக ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. தண்ணீர்மேல் மழைப் புள்ளிகள்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும்? வேற எடத்துல காட்டலாம்," என்றாள் சந்திரம்மா.

"வாணாம்."

"சரி. கண்ணுல கொஞ்சம் கோளாறுன்னு சொன்னாங்கன்னு ராதாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"சொல்லாத."

"ஏன்யா? அது ஒண்ணு இருந்தாலாவது அவ ஒன் மூஞ்சியப் பாப்பா."

"சொல்லாத சந்திரா."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப நீ பாத்தியா?"

அவர் முன்னால் டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு பாத்துச்சு. வெள்ளை கீழ போறத பாத்துச்சு. வாய் வேற பேரச் சொல்லிடுச்சு. சொன்னப்புறம் நான் மறுபடி பாக்கல. ஆரஞ்ச எம்மாம் நேரம் பாத்தேன், கோடு வரைக்கும். அது வெள்ளையாத்தான் இருந்துச்சு எனக்கு."

ஆட்டோக்காரன் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தான். சந்திரம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். வீடு வந்து சேர்ந்ததும் நேராக அடுப்படிக்குப் போனாள். ரேஸ் நாளன்று வைத்த பாயாப் பாத்திரம் கழுவாமல் மூலையிலேயே கிடந்தது. அதை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மறுநாள் வராந்தாவில் ராதா கேரியரை வாங்கக் கை நீட்டியபோது அவர் கேரியரை விடவில்லை.

"கண்ணு டெஸ்ட் பண்ணாங்க. நல்லாத்தான் இருக்குதாம்."

"எனக்குத் தெரியும் நைனா."

இத்தனை நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி நானும் ரூபினியும் ஒண்ணாத்தான் கமெண்ட்டரி கேட்டுக்கினு இருந்தோம். அவ மொபைல்ல சார்ஜ் இல்ல. என் மொபைல்ல. பஜ்ஜி போட்டுக்கினு, நீயா நானான்னு ஒர்த்தியை ஒர்த்தி கிண்டல் பண்ணிக்கினு. நீ கப்பன் ரோஸ் விழுந்துச்சின்ன. அவ அப்படியே செவுத்துல சாஞ்சிட்டா."

அவர் கேரியரை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் அவ தோளப் புடிச்சிக்கினேன். ஒரு கையில அவ. ஒரு கையில மொபைலு. நீ மூன் மூன்னு கத்தற. எனக்குச் சிரிப்பு வருது நைனா. அடக்கறேன், முடியல. ஒண்ணும் ஆயிருக்காதுடி, கேசவ் கெட்டியான ஆளுடின்னு அவகிட்ட சொல்றேன். உள்ள சிரிக்கிறேன். அந்தாளு அங்க ஒடைஞ்சு கெடக்குது. நான் சிரிச்சிக்கினு நிக்கிறேன்."

"ராதா."

"அப்புறம் நீயே கரெக்ஷன்னு சொன்ன. அவ என் கையப் புடிச்சா. அவ சிரிக்கல. நான் நல்லாப் பாத்தேன், அவ மூஞ்சியில ஒரு சொட்டு சிரிப்பு இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "தெனம் கஞ்சி கொண்டாறா. நான் குடிக்கிறேன். அந்தச் சிரிப்ப நான் எங்க கொண்டுபோய் வெக்கிறது, சொல்லு."

அவர் கேரியரின் பிடியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்காவ மாத்திச் சொன்னியா?"

"மாத்திச் சொல்லலம்மா. அப்படித்தான் வந்துச்சு."

"விழுந்தது மூன்தான்னு அப்பவே சொல்லியிருந்தா நான் அப்பவே அழுதிருப்பேன். அவ்ளதான." அவள் கேரியரை இழுத்துக்கொண்டு எழுந்தாள். "உள்ள வா. அந்தாளு ஒன்னை நாலு நாளா கேக்குது. நான்தான் சொல்லல."

வார்டுக்குள் மழை வாசனையும் டெட்டால் வாசனையும் சேர்ந்திருந்தன. பக்கத்துக் கட்டிலில் பீன்யா தொழிற்சாலையில் கை சிக்கிய ஒரு ஆள். அவன் எழுந்து உட்கார்ந்து கேரியரைப் பார்த்தான். ராதா அவனுக்கும் கொஞ்சம் சோறு போட்டுவிட்டு, முகேஷின் கால்மாட்டில் உட்கார்ந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். டாக்டர் சொல்லியிருந்தார், உணர்ச்சி இல்லாவிட்டாலும் தேய்க்க வேண்டும்.

"மாமா," என்றான் முகேஷ், ஃபேனைப் பார்த்தபடி. "மூன் எப்படி இருக்குது?"

"இல்லடா. அன்னிக்கே."

"ம். இவங்க சொல்லமாட்டேன்றாங்க." கொஞ்சம் பொறுத்து, "அது மேல தப்பில்லையே?" என்றான்.

"இல்ல."

"எனக்கு ஸ்டார்ட்டிங் கேட்டு தெறந்தது ஞாபகம் இருக்குது. அப்புறம் ஒண்ணுமே இல்ல மாமா. படுத்துக்கினு தேடித் தேடிப் பாக்கறேன். கேசவைக் கேட்டா அழறான். அழுது இன்னா ஆவப்போவுது? நீங்க சொல்லுங்க. கமெண்ட்டரி மாதிரியே சொல்லுங்க."

"வாணாண்டா."

"சொல்லுங்க மாமா. இங்கிலீஷ் வாணாம். குதிரை பேரும் வாணாம். எங்க பேருல சொல்லுங்க. ஒருவாட்டிகூட நீங்க என் பேரைச் சொன்னதில்ல."

கோவிந்தப்பா மகளைப் பார்த்தார்.

"சரியாச் சொல்லு நைனா," என்றாள் ராதா. கையை நிறுத்தவில்லை.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். பழக்கத்தில் கை பைனாகுலருக்குப் போய், ஒன்றும் இல்லாமல் முழங்காலில் வந்து உட்கார்ந்தது.

"கேட்டு தெறந்தாச்சு," என்றார். மெல்லிய குரல். செலவழிக்காத குரல். "எல்லாம் ஒண்ணா வெளிய வருது. முகேஷ் கொஞ்சம் மெதுவா கெளம்பறான். அவசரப்படல. வேலியோரம் எடம் புடிச்சிக்கினான். கேசவ் அவனுக்கு வெளியப்பக்கம். மழை மூஞ்சியில அடிக்குது. முன்னால நாலு குதிரை. முகேஷ் குனிஞ்சு கெடக்கறான், குதிரைய இழுத்துப் புடிக்கல, அது பாட்டுக்கு வுட்டிருக்கான்."

"ஆமா," என்றான் முகேஷ். "அது இழுத்தாப் புடிக்காது."

"எதிர்ப்பக்கம் வந்தாச்சு. முகேஷ் ஒரு குதிரையத் தாண்டறான். கேசவும் கூடவே. தோளுக்குத் தோளு. ரெண்டு நீலம். உள்ள வெள்ளை, வெளிய ஆரஞ்சு. வளைவு வருது. முகேஷ் நல்லா இருக்கான். கையில இன்னும் தெம்பு வெச்சிருக்கான்."

பக்கத்துக் கட்டில் ஆள் சோற்றுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

"முன்னால போறது உள்ள சாயுது. முகேஷ் பாத்துட்டான். இழுக்கறான். போறதுக்கு எடம் இல்ல. ஒரு பக்கம் வேலி, ஒரு பக்கம் கேசவ். மூன் முன்காலு மடங்குது."

நிறுத்தினார். ராதாவின் கையும் நின்றது.

"வெள்ளைத் தொப்பி," என்றார். "வெள்ளைத் தொப்பி கீழ. முகேஷ் விழுந்துட்டான்."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. முகேஷ் கண்ணை மூடவில்லை.

இந்த இடத்தில் ஓடுகிற குதிரைகளோடு போக வேண்டும். பாதி வளைவும் நேர்ப்பாதையும் பாக்கி இருந்தன. கோவிந்தப்பா போகவில்லை.

"முகேஷ் புல்லு மேல கெடக்கறான்," என்றார். "மழை பெய்யுது. மூன் எழுந்திருக்கப் பாக்குது, முடியல. முகேஷ் ஒரு கைய அசைக்கறான். வேலிக்கு அந்தாண்டையிருந்து ரெண்டு ஆளு குதிக்கறாங்க. ஓடி வராங்க. ஒர்த்தன் முகேஷ் பக்கத்துல மண்டி போடறான். முகேஷ் மேல கோட்டைப் போத்தறான். ஆம்புலன்ஸ் திரும்புது. முகேஷ் அங்கதான் இருக்கான். முகேஷ்..."

"ரேஸு?" என்று கேட்டான் முகேஷ்.

"அது போவுது. போவட்டும்."

முகேஷின் கண்ணோரத்திலிருந்து நீர் இறங்கிக் கழுத்துப் பட்டைக்குள் போனது. அவனால் துடைக்க முடியும், துடைக்கவில்லை. ராதா உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு அவனுடைய இன்னொரு காலை எடுத்து மடியில் வைத்தாள்.

"சொல்லு நைனா," என்றாள். "நிறுத்தாத."